டெலவேர் ஆற்றைத் தாண்டும் முன் 28 மேகசின்கள்

கராஜ் மேசையில் பழைய போர்வையை விரித்து, வீட்டிலிருந்த எல்லா மேகசின்களையும் அதன்மேல் வரிசையாக அடுக்கினேன். 27 இருந்தன. சட்னி ஜாடியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, என் டப்பர்வேர விட உங்க டப்பா ஜாஸ்தியா இருக்கே" என்றாள். பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் பக்கத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, 2023 கோடையில் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வீடு மாற்றினோம். கூகுள் மேப்பில் பார்த்தால், இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் டெலவேர் ஆற்றைத் தாண்டி ஒரு மணி நேரத் தூரம். துப்பாக்கி சேகரிப்பவனுக்கு அது வேறு தேசம்.

மேகசின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் தகரக் கூடு. உள்ளே ஒரு ஸ்ப்ரிங், அதன் தலையில் தோட்டாவை மேலே தள்ளும் தட்டு, அடியில் கழற்றி மாட்டும் மூடி. அவ்வளவுதான். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இது துப்பாக்கியே இல்லை. வரிசை எண் கிடையாது, வாங்கப் படிவம் கிடையாது. ஆனால் சில மாநிலங்களில் இந்தத் தகரக் கூட்டுக்குள் எத்தனை தோட்டா போகும் என்பதை வைத்து ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவாகும்.

பென்சில்வேனியாவில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. நியூ ஜெர்சியில் 1990 முதல் 15 என்று இருந்தது. 2018 ஜூன் 13 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அதை 10 ஆக்கியது. அப்போது அங்கே குடியிருந்தவர்களுக்கு 180 நாள் அவகாசம், அதாவது டிசம்பர் 10 வரை. நிரந்தரமாகப் பத்துக்குள் குறைத்துக்கொள்ளலாம், பயன்படாமல் செய்துவிடலாம், வைத்திருக்க உரிமை உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். 2023-இல் போகிற எனக்கு அந்த அவகாசம் எதுவும் கிடையாது. பத்துக்கு மேல் கொள்ளும் ஒரு மேகசினோடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அந்த நிமிஷமே நான்காம் நிலைக் குற்றம். 18 மாதம் வரை சிறை உண்டு.

இங்கேதான் என்னைப் போல வருகிறவர்கள் பலர் குழம்புகிறார்கள். 2022-இல் வந்த இன்னொரு சட்டம், புதிதாகக் குடிவருபவர் 60 நாளுக்குள் துப்பாக்கி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, வெளியே வாங்கிய துப்பாக்கிகளைப் பதிய வேண்டும் என்கிறது. அந்த 60 நாள் மேகசினுக்கும் சேர்த்துத்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிக் கேட்டதில் அவர் சொன்ன முதல் விஷயமே இதுதான்: அட்டைக்குத்தான் 60 நாள், தகரக் கூட்டுக்கு ஒரு நாள்கூட இல்லை. எல்லா வேலையையும் ஆற்றுக்கு இந்தப் பக்கமே முடித்துவிடு. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

நான் சேகரிக்க ஆரம்பித்ததே கிரீன் கார்டு வந்த பிறகுதான். எச்1பி விசாவில் இருந்தவரை, சில விலக்குகள் தவிர, துப்பாக்கியைத் தொடக்கூட மத்தியச் சட்டம் விடாது. ஆசை மட்டும் பழையது. அப்பா பாளையங்கோட்டையில் ஆயுதப்படையில் இருந்தார். சின்ன வயதில் நான் பார்த்த துப்பாக்கி த்ரீ நாட் த்ரீ ஒன்றுதான். அதனால் இங்கே முதலில் வாங்கியதும் அதே குடும்பத்து ரைஃபிளான லீ என்ஃபீல்டு நம்பர் 4. பிறகு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 7.62 எம்எம் தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 ரைஃபிள். அப்புறம் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுடுவதற்கென்று புதியவை இரண்டு மூன்று.

மேசையில் முதல் வேலை, தொடவே வேண்டாதவற்றை ஒதுக்குவது. 1911 என்ற பெயருள்ள பிஸ்டலுக்கு மூன்று மேகசின். ஏழு ஏழு தோட்டா. வால்தர் பி38 பிஸ்டலுக்கு இரண்டு, எட்டு எட்டு. ருகர் 10/22 ரைஃபிளின் சுழல் மேகசின் மூன்று; பெயரிலேயே பத்து இருக்கிறது. லீ என்ஃபீல்டுக்கு ஒன்று, பத்துத் தோட்டா. இஷாப்பூருக்கு ஒன்று. இந்தக் கடைசி இரண்டும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடுபவை. சட்டத்தின் விளக்கம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கான மேகசினைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஆகவே அவை கேள்விக்கே வராது. எஸ்கேஎஸ் என்ற சோவியத் வடிவ ரைஃபிள் ஒன்று உண்டு. அதில் பத்துத் தோட்டாப் பெட்டி துப்பாக்கியோடு பிணைந்தது. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள எஸ்கேஎஸ் நியூ ஜெர்சியின் தடைப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. என்னுடையது பழைய வகை என்று வழக்கறிஞருக்குப் படம் அனுப்பி உறுதி செய்துகொண்டேன்.

அன்று இரவு அப்பாவிடம் ஃபோனில் இதையெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஏல, பத்துக்கு மேல போடக் கூடாதுன்னா போடாத. எங்க த்ரீ நாட் த்ரீலயே அஞ்சஞ்சா ரெண்டு கிளிப்பு, பத்துதான. அதுக்கு எதுக்கு இந்தத் தவிப்பு?" என்றார். போடாமல் இருந்தால் போதாதுப்பா, போடவே முடியாமல் இருக்க வேண்டும் என்று விளக்க முயன்றேன். "அப்போ பாதி டப்பால மண்ண அடச்சிரு" என்றார். கடைசியில் நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

மிச்சம் 17. இவற்றை என்ன செய்வது என்பதற்கு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: போர்க்காலத்து அசலில் ட்ரில் படக் கூடாது. கடையில் இன்றும் கிடைப்பதில் மட்டும் கை வைக்கலாம். அசலை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முழுதாகவே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

க்ளாக் 19 பிஸ்டலின் நான்கு மேகசின்கள் (15 கொள்பவை) ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தன. கடையில் கொடுத்துக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, நிறுவனமே பத்துக்கென்று செய்யும் மேகசின் மூன்று வாங்கினேன். இதில் எழுத ஒன்றுமில்லை.

வலித்தது கார்பைன்தான். எம்1 கார்பைன் என்ற குட்டை ரைஃபிள், 1943-இல் ஐபிஎம் செய்தது. ஆம், அதே ஐபிஎம். போர்க்காலத்தில் நியூயார்க் மாநிலத்துப் பூகீப்சியில் மூன்றரை லட்சத்துக்கு நெருக்கமாக இதைச் செய்தார்கள். ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலாவும் தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட்டும்கூட அப்போது கார்பைன் செய்தன. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில்தான் குப்பை கொட்டினேன். அதே எழுத்துகள் குழல் மேல் பொறித்திருப்பதைப் பார்த்த அன்று விலை பேசாமல் வாங்கிவிட்டேன். அதன் மேகசின் 15. மேகசினைப் பத்தாக்கினால் போதுமே என்று நினைத்தால், நியூ ஜெர்சியில் எம்1 கார்பைன் வகை என்று துப்பாக்கியே பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கிறது. மேகசினைக் குறைத்துத் தப்பிக்க வழி இல்லை. டீலர் மூலம் விற்றேன், நான்கு மேகசின்களோடு சேர்த்து. வாங்கியவர் பதமாக வைத்துக்கொள்வார் என்று தெரிந்தது, அதுவரை சரி.

அடுத்தது இங்லிஸ். பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலைப் போர்க்காலத்தில் கனடாவின் டொரன்டோவில் ஜான் இங்லிஸ் நிறுவனம் செய்தது. போருக்குப் பிறகு அதே பெயரில் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. இந்தியாவில் இஷாப்பூர் செய்யும் 9 எம்எம் 1ஏ பிஸ்டலும் இந்தக் கனடா வடிவத்தின் வழிவந்ததுதான். அப்பாவின் மேலதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்தது அதுவாக இருக்கலாம் என்ற நினைப்பில் வாங்கினேன். 1935-இல் வந்த வடிவமைப்பிலேயே 13 தோட்டா; அந்தக் காலத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. என்னிடம் நான்கு மேகசின்: இரண்டு அசல், இரண்டு இன்றைய இத்தாலியத் தயாரிப்பு.

அசல் இரண்டையும் பல நாள் இரவு கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருமை தேய்ந்து விளிம்பில் வெள்ளி தெரியும். அதில் ஓட்டை போட்டு ரிவெட் ஆணி அடிப்பது பழைய வெண்கலச் செம்பில் ஈயம் பற்றவைப்பது மாதிரி. என் சுடுதள நண்பர் ஒருவர் உண்டு, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பென்சில்வேனியாவை விட்டு நகர மாட்டார். அவரிடமே கொடுத்துவிட்டேன். விலை வாங்கவில்லை. "விற்க மாட்டேன், யாருக்கும் தர மாட்டேன்" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

ஆக, கையால் வேலை செய்ய மிஞ்சியவை இத்தாலிய ஹை-பவர் மேகசின் இரண்டு, செக் நாட்டு சிஇசட் 75 பிஸ்டலின் 16 தோட்டா மேகசின் ஐந்தில் இரண்டு. மற்ற மூன்றையும் விற்றாயிற்று. பத்துத் தோட்டா மேகசின் புதிதாகவே வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். 1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை நாடு முழுதும் பத்து வரம்பு இருந்தபோது செய்தவை துப்பாக்கிச் சந்தைகளில் இன்னும் குப்பை விலைக்குக் கிடைக்கின்றன. அங்கே அவற்றை யாரும் சீண்டுவதில்லை. புத்திசாலி அதைத்தான் செய்வான். எனக்குக் கை அரித்தது.

சட்டம் நிரந்தர மாற்றம் என்கிறது. எந்த ஆணி, எந்தப் பசை என்று பாடம் நடத்தவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேட்டபோது, அவர் செய்யும் முறையைக் காட்டினார். ஸ்ப்ரிங் சுருளுக்கு நடுவே ஒரு நைலான் கட்டை. அது அடிமூடியின் மேல் நின்று, தள்ளுதட்டு ஓர் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் தாங்கும். கட்டையோடு சேர்த்து அடிமூடியை ரிவெட் அடித்து, விளிம்பைச் சுற்றி எபாக்சிப் பசை. பிறகு அந்த மூடி திறக்கவே கூடாது. அதுதான் நிரந்தரம்.

கட்டையின் உயரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப் பார்த்துத் தோற்றேன். இரட்டை வரிசையில் தோட்டாக்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்காரும். ஒரு தோட்டாவுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வகுத்தால் வருவதில்லை. கடைசியில் நம்மூர் ஆசாரி முறைதான் உதவியது: வேண்டியதை விடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்து, அரம் வைத்து ராவி, மறுபடி போட்டுப் பார்ப்பது. முதலில் ஒன்பதோடு நின்றது. ராவினேன். பத்து போனது, ஆனால் கட்டைவிரல் நகம் பெயர்கிற மாதிரி. சரி, பத்து வந்துவிட்டதே என்று நிறுத்தியது தப்பு.

அந்த மேகசினைப் பத்தும் நிரப்பி, ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடியிருக்கும் பிஸ்டலில் செருகினால், மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி விழவில்லை. உள்ளங்கையால் தட்டினாலும் இல்லை. ஸ்லைடு மூடியிருக்கும்போது மேல் தோட்டா ஒரு மயிரிழை கீழே அமுங்க வேண்டும். கட்டை இடமே விடவில்லை என்றால் எப்படி அமுங்கும்? ஆக, பத்து போக வேண்டும், பத்துக்குப் பிறகும் கொஞ்சம் தாழ வேண்டும், ஆனால் பதினொன்று போகவே கூடாது. அந்த இடைவெளி மிகக் குறைவு. இரண்டு முறை தாண்டிப் போய்ப் பதினொன்றாவது உள்ளே வழுக்கிவிட்டது. கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. நைலான் மலிவு, பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதிலேயே போனது. கராஜ் தரை முழுதும் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளை.

ட்ரில் வேலை எளிது, அவசரப்படாவிட்டால். அடிமூடி மெல்லிய எஃகு. வளைவில் ட்ரில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் சென்டர் பஞ்சால் ஒரு குழி, ஒரு சொட்டு எண்ணெய், சிறிய பிட்டால் வழி, பிறகு எட்டில் ஓர் அங்குல ரிவெட்டுக்கான பிட். கோபால்ட் பிட் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமானது இரண்டாவது ஓட்டையிலேயே மொட்டையாகிவிடும்.

மூடுவதற்கு முன்னால் செய்யச் சொல்லி அந்தப் பழுதுபார்ப்பவர் இரண்டு விஷயம் அழுத்திச் சொன்னார். ஒன்று, ஸ்ப்ரிங்கைப் புதிதாக மாற்றிவிடு. பிறகு ஜென்மத்துக்கும் மாற்ற முடியாது. இரண்டு, பசை போடும் முன் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் நிஜத் தோட்டாவில் சுட்டுப் பார். நான் இரண்டையும் செய்தேன். ஒரு மேகசினுக்கு ஐம்பது தோட்டா. சிஇசட் ஒன்றில் மட்டும் கடைசித் தோட்டா இரண்டு முறை மூக்கைக் கீழே போட்டது. ஸ்ப்ரிங்கின் ஒரு சுருள் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. கட்டையின் ஓரங்களை வட்டமாக்கியதும் சரியானது.

பிறகுதான் பெரிய முட்டாள்தனம். மெதுவாக இறுகும் எபாக்சிதான் பலம் என்று அதை வாங்கினேன். விளிம்பெல்லாம் பூசி, அடிமூடி மேலே இருக்கும்படி நான்கையும் தலைகீழாக வைஸில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். மெதுவாக இறுகுவது என்றால் அவ்வளவு நேரமும் அது தேன் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் என்பது உறைக்கவில்லை. காலையில் பார்த்தால் ஹை-பவர் மேகசின் ஒன்றில் பசை உள்சுவர் வழியாக இறங்கி, ஸ்ப்ரிங்கைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தது. தள்ளுதட்டு பாதியில் நின்றுவிட்டது. இனி அதில் நாலு தோட்டாதான் போகும். சட்டப்படி அமோகமாகத் தேறும். மற்றபடி பேப்பர் வெயிட். இன்றும் மேசையில் அதுதான் தாள்மேல் உட்கார்ந்திருக்கிறது. பசையைக் கொஞ்சமாகப் பூசி, மேகசினைப் படுக்கவைத்துக் காயவைத்திருக்க வேண்டும்.

மீதி மூன்றும் தேறின. ஒவ்வொன்றிலும் பத்துப் பயிற்சித் தோட்டா உள்ளே, பதினொன்றாவது மேலே தொங்குகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து, ரிவெட்டின் நெருக்கப் படமும் எடுத்து, விற்றவற்றின் ரசீதுகளோடு ஒரு கோப்பில் போட்டேன். வழக்கறிஞர் சொல்லித்தான். யாரும் இதுவரை கேட்கவில்லை.

இந்தப் பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் திருப்தியாகச் சொல்லிக் கேட்டதில்லை. கொலராடோவில் 15, டெலவேரில் 17, இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15, நீளத் துப்பாக்கிக்கு 10. நியூயார்க் 2013-இல் பத்துக் கொள்ளும் மேகசினிலும் ஏழுதான் நிரப்பலாம் என்று சட்டம் போட்டு, நீதிமன்றத்தில் அந்த ஏழு அடிபட்டது. நியூ ஜெர்சியின் பத்தும் நீதிமன்றம் ஏறியது. 2018 டிசம்பரில், அவகாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுக்க மறுத்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2024 ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் பத்து செல்லும் என்றது. நாளைக்கே மாறினாலும் என் ரிவெட் மாறாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற வீட்டில் இருந்துகொண்டு இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று எனக்குப் புரியாமலில்லை. அதை வைத்துச் சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை.

வண்டி வருவதற்கு முந்தின நாள் இரவு. துப்பாக்கிகள் எல்லாம் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டிகளில். சாமான் ஏற்றும் நிறுவனத்தார் தோட்டாக்களைத் தொட மாட்டார்கள். என் காரின் டிக்கியில்தான் எல்லாம் போக வேண்டும். நுனி குழிந்த தோட்டாக்களுக்கு அங்கே தனி விதிகள். தலைவலி வேண்டாம் என்று இருந்ததைச் சுடுதளத்திலேயே தீர்த்துவிட்டேன். தாளில் 27-க்கும் எதிரே டிக். சும்மா சுடுதளப் பையை உதறினேன், காது மூடி இருக்கிறதா என்று பார்க்க. பக்கவாட்டு ஜிப்பிலிருந்து கறுப்பாக வாழைப்பழம் மாதிரி வளைந்த ஒன்று விழுந்தது.

ருகர் 10/22-இன் 25 தோட்டா மேகசின். ஒரு கோடையில் பையன்களோடு தகர டப்பா சுடுவதற்காக வாங்கியது. நான் எண்ணியது அலமாரியில் இருந்தவற்றை மட்டும். .22 சின்னத் தோட்டாதானே, விலக்கு இருக்கிறதே என்று மனம் ஒரு நொடி சமாதானம் தேடியது. விலக்கு உண்டு, ஆனால் துப்பாக்கியோடு பிணைந்த குழாய் வகைக்கு மட்டும். கழற்றி மாட்டும் பெட்டிக்கு இல்லை. மணி பத்தரை. நண்பருக்கு ஃபோன் போட்டேன். பைஜாமாவோடு வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். "இன்னும் ஏதாவது?" என்றார். வீட்டுக்கு வந்து கார் சீட்டுக்கு அடியில், பழைய ஜாக்கெட் பைகளில், கேம்பிங் பெட்டியில் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். மனைவி தூங்கியிருந்தாள், நல்ல வேளை.

அட்டைக்கான விண்ணப்பம், கைரேகை, 50 டாலர், சாட்சிக்கு இரண்டு பேர், வெளியூரில் வாங்கியவற்றின் பதிவு எல்லாம் நியூ ஜெர்சி போன பிறகு, நிதானமாக, 60 நாளுக்குள்ளேயே ஆயின.

மூடிய மேகசின்களில் ஒரு தொல்லை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை: சுத்தம் செய்வது. அடியைத் திறக்க முடியாது. மேல்வாய் வழியாகப் புட்டி கழுவும் மெல்லிய பிரஷை விட்டு, தள்ளுதட்டைக் குச்சியால் அமுக்கிக்கொண்டு, தூசியைக் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் போடவே போடாதீர்கள். எண்ணெய் இருந்தால் கரி ஒட்டி அடியில் தங்கிவிடும்.

போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போனேன், இங்லிஸை மட்டும் பூட்டிய பெட்டியில் எடுத்துக்கொண்டு. அவர் இழுப்பறையிலிருந்து அசல் மேகசினை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார். பதின்மூன்று நிரப்பி, அவர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்தில் சுட்டேன். இரண்டாவது முறை அவர் சுட்டார். மேகசினைத் திரும்ப அவரிடம் கொடுத்தேன். இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது. கிளம்பும் முன் பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்தேன், காரில் ஏறி மறுபடியும் பார்த்தேன். 78-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தில் நியூ ஜெர்சியை விட்டு வெளியேறத்தான் சுங்கம்; உள்ளே வர எதுவும் இல்லை.